தோற்போம் என்று தெரிந்தும் தலைவரை மாற்றாத கட்சி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 2018 உள்ளூராட்சித் தேர்தலிலேயே இலங்கையின் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) சரியப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. கட்சிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்படியிருந்தும் ஏன் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவை மாற்றவில்லை? மாற்றியிருந்தால் கட்சி பிழைத்திருக்குமா? அம்மப்பா காலத்திலிருந்து தங்கள் வீட்டில் அந்தக் கட்சியின் யானைச் சின்னத்துக்குத்தான் வாக்கு என்றும், இப்போது யாருக்குப் போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தேன். தேர்தல் இரவுகளில் மாவட்ட முடிவுகளைக் கூட்டிக் கழித்து எழுதுவது என் வேலை. நானும் பலமுறை யானைக்குப் போட்டவன்தான். ஆகவே கீழே எங்காவது கோபம் தெரிந்தால் அதை வீட்டுக்காரனின் கோபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தோல்வி பயம் வந்தால் தலைவரின் நாற்காலி ஆடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஐ.தே.க.வில் பயம் கூடக்கூட நாற்காலி இறுகியது. ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் இடத்தில் இருந்து பார்த்தால் இதன் காரணம் விளங்கும். அடுத்த தேர்தலில் கட்சிக்கு ஆசனம் குறையும் என்று அவருக்குத் தெரிகிறது. மாவட்டத்தில் பதினொரு பேர் வென்ற இடத்தில் ஆறு பேர்தான் வெல்வார்கள் என்றால் ஐந்து பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஐவரில் ஒருவராகாமல் தப்புவது எப்படி என்பதே அவருடைய கவலை. 1989 பொதுத் தேர்தலிலிருந்து, கட்சிப் பட்டியலுக்குள் பிடித்த வேட்பாளரையும் வாக்காளரே குறிக்கும் விருப்பு வாக்கு முறை வந்துவிட்டதால், அவருடைய உண்மையான எதிரி மற்றக் கட்சிக்காரர் கூட இல்லை. ஒரே மேடையில் அருகில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் சொந்தக் கட்சிக்காரர்தான். அந்தப் போட்டியில் அவருக்குக் கைகொடுக்கக் கூடியவர் தலைவர் ஒருவரே. தொகுதி அமைப்பாளர் பதவியைக் கொடுப்பதும் பறிப்பதும் தலைவர். வேட்புமனுப் பட்டியலில் பெயர் நிற்பதும் விழுவதும் தலைமையின் முடிவு. மக்கள் கைவிட்டாலும் பின்கதவால் உள்ளே போக, கட்சிகளின் மொத்த வாக்குக்கேற்பப் பங்கிடப்படும் 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள் நாட்டில் உண்டு. அதில் கட்சியின் பங்கு யாருக்கு என்பதையும் அதே தலைமைதான் தீர்மானிக்கும்.

சங்கக்கடையில் அரிசி தட்டுப்பாடான காலத்தில் அதன் முகாமையாளருக்கு ஊரில் கிடைத்த மரியாதையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி குறைந்ததற்கு அவரே காரணம் என்று பேசிக்கொண்டே அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். ஐ.தே.க.வின் ஆசனங்கள் குறையக் குறைய அதன் தலைமையகமான சிறிகொத்தாவில் நடந்ததும் அதுதான்.

ஜிந்துப்பிட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வட்டார அமைப்பாளர் இருந்தார். 2019 நடுப்பகுதியில் மாலை வேளைகளில் அவர் வீட்டு வாசலில் இருந்து பேசுவோம். தலைவர் போனால்தான் கட்சிக்கு விடிவு என்று தலைவரை அவர் திட்டாத நாளில்லை. ஒருநாள், இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதுதானே என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சொன்னால் கட்சி திருந்துமோ இல்லையோ, வட்டாரம் நாளைக்கே இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்றார். கட்சியின் மேல்மட்டத்திலும் இதே கணக்குத்தான், தொகைதான் பெரிது.

இதை வைத்துக்கொண்டு பழைய கதைக்குப் போவோம். 1946 செப்டெம்பரில் டி.எஸ். சேனநாயக்க தொடங்கிய கட்சி. அவருக்குப் பின் மகன் டட்லி, பிறகு உறவினர் சேர் ஜோன் கொத்தலாவல, மறுபடி டட்லி என்று வந்ததால் ‘மாமன் மருமகன் கட்சி’ என்ற கேலி அன்றே பிறந்துவிட்டது. இந்தக் கட்சி முதன்முதலாகத் தோல்வியை மோப்பம் பிடித்தது 1956இல். அந்தப் பயத்தில் என்ன செய்தது என்பதைத் தமிழர்கள் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1954இல் யாழ்ப்பாணம் போன சேர் ஜோன் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து தருவதாகப் பேசினார். தெற்கில் காற்று திரும்பியது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1956 பெப்ரவரியில், களனி மாநாட்டில் கட்சி ‘சிங்களம் மட்டும்’ என்று தீர்மானம் போட்டது. தலைவர் அதே தலைவர், கொள்கை மட்டும் தலைகீழ். ஏப்ரலில் கிடைத்தது 8 ஆசனம். சிங்கள வாக்காளர் அசலைத் தேடி, ‘சிங்களம் மட்டும்’ என்று முதலிலேயே கிளம்பிய பண்டாரநாயக்கவிடம் போனார்கள். தமிழரின் நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது.

பயந்த கட்சி எதை வேண்டுமானாலும் மாற்றும், தலைவரைத் தவிர என்பதற்கு அது முதல் சாட்சி. பின்னால் வந்த அறுபது வருடத்தில் கொள்கை, சின்னம், வேட்பாளர், கூட்டணியின் பெயர் என்று எல்லாம் மாறின.

அப்படியென்றால் 1956க்குப் பிறகும் 1970க்குப் பிறகும் கட்சி எப்படி எழுந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் எண்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். பத்திரிகைகளில் 2020ஐ ‘1956 போன்ற தோல்வி’ என்று எழுதியவர்கள் பார்க்காமல் விட்ட இடம் இது. 1970இல் ஐ.தே.க. 17 ஆசனத்துக்குச் சுருங்கியது. ஆனால் அது பெற்ற வாக்கு ஏறக்குறைய 38 சதவீதம். 91 ஆசனம் வென்ற சிறீ லங்கா சுதந்திரக் கட்சியின் வாக்கு 37 சதவீதம். அதாவது தோற்ற கட்சி வென்ற கட்சியைவிட அதிக வாக்கு எடுத்திருந்தது. தொகுதிவாரியாக முதலில் வருபவருக்கே ஆசனம் என்ற பழைய முறையும், சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதும் செய்த வேலை அது. 1956இல் கூட 8 ஆசனத்துக்குப் பின்னால் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்கு இருந்தது. வீடு இடிந்திருந்தாலும் அத்திவாரம் அப்படியே கிடந்தது. ஜே.ஆர். ஜயவர்தன 1973இல் டட்லியின் மறைவுக்குப் பின் கட்சியைக் கையிலெடுத்து, கிளை கிளையாக ஆள் சேர்த்து, 1977இல் 168க்கு 140 ஆசனம் என்று கொண்டுவந்து நிறுத்தியது அந்த அத்திவாரத்தின் மேல்தான்.

2020இல் ஐ.தே.க. பெற்றது 249,435 வாக்கு, 2.15 சதவீதம். விகிதாசார முறையில் வாக்கும் ஆசனமும் ஓரளவு ஒன்றாகவே நடக்கும். ஆகவே தேர்தல் முறையின் மேல் பழி போட வழியில்லை. நாடு முழுவதும் ஒரு மாவட்டத்தில் கூட ஓர் ஆசனம் இல்லை. தேசியப் பட்டியலில் ஒன்று கிடைத்தது. அந்த ஒன்றுக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கக் கட்சிக்குப் பத்து மாதம் எடுத்தது. கடைசியில் 2021 ஜூனில் தலைவரே போனார்.

தலைவர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரணில் விக்கிரமசிங்க தலைமையைப் பறித்தவர் இல்லை. அவர் கையில் அது வந்து விழுந்தது. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கக் குற்றப் பிரேரணை கொண்டுவந்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள்; நீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்த்தது, பாராளுமன்ற ஆசனமும் போனது. தலைவரை எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதைக் கட்சிக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. 1993 ஏப்ரல் 23இல் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து, மே தின ஊர்வலத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரேமதாச குண்டுவெடிப்பில் இறந்தார். கட்சிக்குத் திரும்பிய காமினி 1994இல் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கான போட்டியில் ரணிலைச் சில வாக்குகளால் வென்றார். ஒக்டோபர் 24இல் தொட்டலங்கையில் நடந்த கூட்டத்தில் அவரும் கொல்லப்பட்டார். பிரேமதாசவுக்குப் பின் வந்த டி.பி. விஜேதுங்க ஒதுங்கிவிட்டிருந்தார். எஞ்சியிருந்தவர் ரணில். முதல் 48 வருடத்தில் ஏழு பேர் நடத்திய கட்சியை அதற்குப் பிறகு முப்பது வருடமாக ஒருவரே நடத்துகிறார். அந்த ஒருவருக்குச் சமமாக நிற்கக்கூடிய தலைமுறை ஒன்றரை வருடத்துக்குள் புதைகுழிக்குப் போனது என்பதைத் தவிர்த்துவிட்டு அவருடைய சாமர்த்தியத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இனி அவர் தோற்ற தேர்தல்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சாக்கு இருந்தது, பெரும்பாலும் உண்மையான சாக்கு. 1999 ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு கொழும்பு நகர மண்டபத்துக்கு அருகே ஜனாதிபதி சந்திரிகாவைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அனுதாப வாக்கு என்றார்கள். 2001இல் வென்று பிரதமரானவரிடமிருந்து 2003 நவம்பரில் சந்திரிகா மூன்று அமைச்சுகளை எடுத்துக்கொண்டு, அடுத்த பெப்ரவரியில் பாராளுமன்றத்தையும் கலைத்தார்; 2004 தோல்விக்கு அது சாக்கு. 2005இல் மகிந்த ராஜபக்சவிடம் அவர் தோற்றது ஏறக்குறைய 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்கால். விடுதலைப் புலிகள் வடக்கில் வாக்களிப்பைப் புறக்கணிக்கச் செய்திராவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்பதைக் கூட்டல் தெரிந்த எவரும் மறுக்க முடியாது. அன்றிரவு செய்தி மேசையில் யாழ்ப்பாண முடிவை எழுதியவன் நான். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான் வாக்களித்திருந்தார்கள்.

சாக்கு உண்மையாக இருப்பதுதான் ஆபத்து. தோற்றதற்குத் தலைவரே காரணம் என்று யாரும் விரல் நீட்ட முடியாதபடி ஒவ்வொரு முறையும் வேறொரு காரணம் முன்னால் வந்து நின்றது. பரீட்சையில் ஒருமுறை காய்ச்சல், மறுமுறை பேனா எழுதவில்லை, இன்னொரு முறை பஸ் தாமதம் என்றால் பிள்ளை படித்ததா இல்லையா என்ற கேள்வியே எழாது.

கேள்வி எழுப்பியவர்களும் இருந்தார்கள். 2007 ஜனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் பதினெட்டுப் பேர் மகிந்தவின் அரசாங்கத்துக்குப் போனார்கள். தலைவரோடு மோதி மாற்ற முடியாதவர்கள் வீட்டை விட்டுப் போவது இந்தக் கட்சியின் வழமை. பண்டாரநாயக்க 1951இல் போய்ப் புதுக்கட்சி தொடங்கியதிலிருந்து அதுதான் நடக்கிறது. கரு 2008 இறுதியில் திரும்பி வந்தார், வேறு பலர் வரவேயில்லை. சீர்திருத்தம் கேட்டவர்கள் வெளியேறும் ஒவ்வொரு முறையும் உள்ளே மிஞ்சுபவர்களில் தலைவருக்கு வேண்டியவர்களின் பங்கு கூடிவிடும். ஆகவே 2011 டிசம்பரில், ஒருவழியாக இரகசிய வாக்கெடுப்பு என்று வந்தபோது, ரணிலுக்கு 72, கருவுக்கு 24. வாக்களித்தவர்களில் செயற்குழு உறுப்பினர்களும் இருந்தார்கள். செயற்குழுவுக்கு ஆட்களை நியமிப்பதில் பெரிய கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவரைத் தெரிவு செய்யும் உரிமை ஆட்டக்காரரிடம் இருந்தது.

இதற்கிடையில் கட்சி கண்டுபிடித்த வழி விசித்திரமானது. தலைவரை மாற்ற முடியாது, தலைவர் நின்றால் வெல்லவும் முடியாது. ஆகவே ஜனாதிபதித் தேர்தலில் கட்சியே நிற்காமல் விட்டுவிட்டது. 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன. இருவரும் கட்சிக்காரர் இல்லை, இருவருக்கும் அன்னம் சின்னம். 2019இல் கட்சியின் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச நின்றபோதும் அன்னம்தான். 2024இல் தலைவரே சுயேச்சையாக நின்றார், சின்னம் எரிவாயு சிலிண்டர். 2005க்குப் பிறகு எந்த ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டிலும் யானை இல்லை. அம்மப்பா காலத்திலிருந்து யானைக்குத்தான் வாக்கு என்று எழுதிய தம்பி இதை வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். எத்தனை முறை அன்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு யானைக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டு வந்தார்கள் என்று.

கொழும்புக்காரர்கள் மறந்துவிட்ட ஒரு தேர்தலையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006 கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் வயது தொடர்பான பிழையால் ஐ.தே.க.வின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. நகரம் அவர்களுடைய கோட்டை, பட்டியலோ கிடையாது. மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போடும்படி கட்சி சொன்னது. கொட்டாஞ்சேனையும் மாளிகாவத்தையும் வாழைத்தோட்டமும் மறுபேச்சின்றிக் கண்ணாடிக்குப் போட்டன. முச்சக்கரவண்டி ஓட்டிய ஒருவர் தலைநகரின் மேயரானார். நாங்கள் செய்தி மேசையில் சிரித்தோம். ஆனால் அந்த முடிவு ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தது: கொழும்பு வாக்காளர் சின்னத்துக்கு அடிமை இல்லை. அரசியல் எங்கே போகிறது என்று பார்த்து வாக்கையும் அங்கே கொண்டுபோவார்.

2020இன் தொடக்கத்தில் சிறிகொத்தாவில் இருந்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்கள். சண்டை அப்போது யானைச் சின்னத்தைப் பற்றித்தான் நடந்தது. 2019 ஓகஸ்ட், செப்டெம்பரில் பதுளை, மாத்தறை, குருநாகல் என்று கூட்டம் திரட்டிக் காட்டித்தான் சஜித் வேட்பாளர் இடத்தைப் பெற்றார். தலைமை தனக்கே என்ற நிலையை விட்டு ரணில் இறங்கவில்லை. சஜித் 41.99 சதவீதம் எடுத்துக் கோட்டாபயவிடம் தோற்றார். பொதுத் தேர்தலுக்குக் கூட்டணி அமைக்கப் பேசினார்கள், தலைமை யாருக்கு, சின்னம் எது, வேட்புமனுவில் கையெழுத்து யாருடையது என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் சஜித் தரப்பு வேறொரு பெயரில் ஏற்கனவே பதிவாகியிருந்த கட்சியை ஐக்கிய மக்கள் சக்தி என்று மாற்றித் தொலைபேசிச் சின்னத்தோடு போனது. யானையை வைத்திருப்பவர் வாக்கையும் வைத்திருப்பார் என்று ரணில் தரப்பு நம்பியது. 2015இல் கொழும்பு மாவட்டத்தில் ரணிலுக்கு 5 இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கு விழுந்தது, கட்சிக்கு 11 ஆசனம். 2020இல் அதே மாவட்டத்தில் யானைக்கு ஒன்றுமில்லை, தொலைபேசிக்கு 6.

கட்சியின் தமிழ், முஸ்லிம் பங்காளிகள் இதை முன்கூட்டியே மணந்துவிட்டார்கள். 2015இல் உருவான தமிழ் முற்போக்குக் கூட்டணி, மனோ கணேசனும் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும், சஜித்தோடு போய் 6 ஆசனம் எடுத்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சிலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். சிறுபான்மைக் கட்சிக்கு மாவட்டத்தில் 5 சதவீத வெட்டுப்புள்ளியைத் தனியே தாண்டுவதே பல இடங்களில் கஷ்டம். தாண்டக்கூடிய பட்டியல் எது என்று பார்த்து அதில் ஏறுவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மூழ்கும் கப்பலில் தத்துவம் பேசிக்கொண்டு நிற்கப் பெரிய கட்சிக்காரருக்கு வசதி உண்டு.

இங்கே ஒரு சங்கடமான விஷயம். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது ஐ.தே.க. அரசாங்கம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் 1983 ஜூலையில் கொழும்பு எரிந்ததும் அதே கட்சியின் ஆட்சியில். எங்கள் தெருவிலேயே வீடு இழந்தவர்கள் பின்னாளில் வரிசையில் நின்று யானைக்குப் போட்டார்கள். ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டதுண்டு. அன்பினால் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம். மற்றவனைவிட இவன் பரவாயில்லை, கடை திறந்திருக்கும், சோதனைச் சாவடி குறையும், பேச்சுவார்த்தை நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. 2004இல் கொழும்பிலிருந்து ஐ.தே.க. சார்பில் பாராளுமன்றம் போன தியாகராஜா மகேஸ்வரன் 2008 புத்தாண்டு தினத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்ட காலம் அது. பயத்தால் வந்த வாக்கு. கட்சியின் தலைமை அந்த வாக்கை விசுவாசம் என்று பதிந்துகொண்டது. தெற்கில் சிங்கள வாக்கு கரையக் கரைய, கொழும்பில் எங்கள் வாக்கு அப்படியே கிடந்தது. 2018இல் நாடு முழுக்க ராஜபக்ச தரப்பின் தாமரை மொட்டு அடித்துக்கொண்டு போனபோதும் கொழும்பு மாநகர சபையை ஐ.தே.க. வென்றது. தலைநகரில் வென்றால் தலைமைக்கு நோய் தெரியாது. நோயை மறைத்த மருந்துகளில் எங்கள் வாக்கும் ஒன்று.

மாற்றியிருந்தால் பிழைத்திருக்குமா? என் அபிப்பிராயத்தில் 2011இல் மாற்றியிருந்தால் ஆம். அப்போது எதிர்க்கட்சி என்ற இடம் முழுவதும் அவர்களிடமே இருந்தது, புதுத் தலைவர் கட்சியைப் பழகிக்கொள்ள நான்கு வருடமும் இருந்தது. 2018இல் மாற்றியிருந்தால் பாதிக்குப் பாதி. ஆட்சியிலிருந்த கட்சிக்கு மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரமும், அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் யார் தலைவராக இருந்தாலும் பாரமாகத்தான் இருந்திருக்கும். 2019 தேர்தலுக்குப் பிறகு மாற்றியிருந்தால் வெற்றி கிடைத்திருக்காது, உயிர் தப்பியிருக்கும். 2019 நவம்பரில் சஜித்துக்கு விழுந்தது 55 இலட்சத்து 64 ஆயிரம் வாக்கு. ஒன்பது மாதம் கழித்துத் தொலைபேசிக்கும் யானைக்கும் விழுந்ததைக் கூட்டினால் 30 இலட்சம்தான் வருகிறது. வடக்கு, கிழக்கில் தமிழ்க் கட்சிகளுக்குத் திரும்பிய வாக்கைக் கழித்த பிறகும் பெரிய ஓட்டை. அதில் ஒரு பகுதி மொட்டுக்குப் போயிருக்கலாம், ஒரு பகுதி வீட்டிலேயே படுத்திருக்கலாம். தாயும் பிள்ளையும் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் வீட்டில் யார்தான் போய்க் கைநனைப்பார்கள்?

ரணில் 2022இல் பாராளுமன்றத்தில் 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியானதை வைத்து, ஒற்றை ஆசனத்தோடு இவ்வளவு தூரம் வந்தவரைக் குறை சொல்லலாமா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தனிமனித சாதனையாக அது பெரிதுதான். அவரை ஏற்றிவிட்ட வாக்குகளில் பெரும்பகுதி மொட்டுக் கட்சியுடையது. கட்சிக்கு அதனால் கிடைத்தது என்ன என்று 2024 காட்டியது.

இப்போது அதே கேள்வி சஜித்தின் வாசலுக்கு வந்துவிட்டது. 2024 செப்டெம்பரில் 32.76 சதவீதத்தோடு இரண்டாம் இடம். நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 159, அவருக்கு 40. கொழும்பில் 14க்கு 4. அந்த நால்வரில் மனோ கணேசன் இல்லை. அவர் தேசியப் பட்டியலில்தான் உள்ளே போனார். இரண்டு ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற தலைவரை என்ன செய்வது என்று இப்போது ஐக்கிய மக்கள் சக்திக்குள் முணுமுணுப்பவர்கள், 2019இல் அவருக்காக மேடை போட்டவர்கள்தான். சாக்குகளும் தயாராக உள்ளன: ரணில் வாக்கைப் பிரித்தார், அலை அடித்தது. இரண்டும் உண்மை. யானையும் தொலைபேசியும் ஒன்று சேரும் பேச்சு அடிக்கடி வருகிறது, போகிறது. சேருவார்களா என்று தெரிந்துகொள்ள மேடைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தொகுதி அமைப்பாளர்களை நியமிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்பதில் உடன்பாடு வந்ததா என்று பாருங்கள். அது வராத வரைக்கும் மற்றதெல்லாம் புகைப்படத்துக்குக் கைகோர்ப்பது.

2025 மே மாத மாநகர சபைத் தேர்தலில் கொழும்பில் 117 உறுப்பினர்களில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 48, தொலைபேசிக்கு 29, யானைக்கு 13. இரண்டையும் கூட்டினாலும் 42. ஜூனில் மேயரைத் தெரிவு செய்ய இரகசிய வாக்கெடுப்பு நடந்தபோது 61க்கு 54 என்று திசைகாட்டி நகரத்தை எடுத்தது. வாக்களித்த அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. நான் யானைக்குப் போட்டிருந்தேன், பழக்கதோஷம். மனைவி தொலைபேசிக்கு. மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே திசைகாட்டி என்றான். 2006இல் கண்ணாடிக்குப் போட்ட கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்; அவன் அப்போது பாலர் வகுப்பில் இருந்தானாம்.